குரைப்புக்குக் கூலி

“காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம்” என்பது நம் நாட்டில் வெகு காலமாக வழங்கி வரும் பழமொழி. காலை ஆட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாலே அந்த ஊரில் சோறு கிடைத்துவிடும் என்று சோம்பேறிகள் யாரும் மூட்டை கட்டிவிட வேண்டாம். குழித்தறியில் இறங்கி அமர்ந்து, மிதிகளை மாற்றி மாற்றி மிதித்துப் பட்டு நெய்கிறவருக்குப் பிழைப்பு உண்டு என்பதே அதன் தாத்பரியம். காலுக்கு வேலை, அந்த வேலைக்குக் கூலி.

அதே காஞ்சியில் காலை ஆட்டாமல் வாயை மட்டும் ஆட்டிப் பிழைக்கிற ஜீவன் ஒன்றும் உண்டு. உயரம் ஒரு முழம் இராது. வெளுத்த பஞ்சுப் பொதி போன்ற ரோமம், கறுப்பு மணி போன்ற இரண்டு கண்கள், கூரிய காதுகள். வீட்டுக்கு வந்த புதிதில் குழந்தைகள் அதற்குப் பெயரிட்டுக் கொண்டாடுகிறார்கள். ஆறு மாதம் சென்றதும் அந்த வீட்டுக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் தெருவிலே சந்தித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தொடங்குகிறார்கள். காரணம், ஓயாத குரைப்பு!

சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயமாக இது நமக்குத் தோன்றவில்லை. பிள்ளையார்பாளையத்தைப் போன்ற நெசவாளர் பகுதிகளில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. கோர்வைச் சேலை நெய்கிறவர்கள் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரண்டு நாடா என்று மூன்று நாடாக்களை வைத்துக்கொண்டு, ஓர் இழை தவறாமல் கணக்குப் பார்த்து வேலை செய்ய வேண்டும். அடுத்த அறையில் பரீட்சைக்குப் படிக்கிற பையன் இருப்பான்; அதற்கடுத்த வீட்டில் நோயுற்ற பெரியவர் ஒருவர் படுத்திருப்பார். “அக்கா, நேற்று ராத்திரியும் உங்கள் நாய் எங்களைத் தூங்க விடவில்லையே!” என்று முதலில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பிறகு சிரிக்காமல் சொல்வார்கள். அதன் பிறகு சொல்வதையே நிறுத்திவிடுவார்கள். அப்போதுதான் உண்மையான பகை ஆரம்பமாகிறது.

அந்தப் பகைக்குப் பலியாவது நாய்தான். மொட்டை மாடியில் குட்டைச் சங்கிலியில் கட்டப்பட்டு வெயிலில் காய்கிறது. இல்லையேல் யாருக்கோ தானம் செய்யப்படுகிறது. அதுவும் இல்லையேல் ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடப்படுகிறது. மெத்தையிலே வளர்ந்த பிராணிக்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. ஆகவே, சிறு நாய்கள் ஏன் இப்படிக் குரைக்கின்றன, அதைக் குறைக்க உபாயம் உண்டா என்று ஆராய்வது, நாய்க்கும் அண்டை வீட்டாருக்கும் ஒருங்கே செய்கிற உபகாரமாகும்.

உடம்பு சிறுத்தது, உத்தியோகம் சிறுக்கவில்லை

நம் நாட்டில் “பொமரேனியன்” என்று சொல்லி வளர்க்கப்படும் வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை உண்மையில் “இந்தியன் ஸ்பிட்ஸ்” என்ற வகையைச் சேர்ந்தவை. 1994-ல் வெளிவந்த “ஹம் ஆப்கே ஹைன் கோன்” என்னும் ஹிந்திப் படத்தில் டஃபி என்ற பெயருடன் நடித்துப் புகழ் பெற்ற நாயும் இந்த ஜாதிதான். பொமரேனியன், இந்தியன் ஸ்பிட்ஸ் இரண்டும் ஒரே பெருங் குடும்பத்துப் பிள்ளைகள்.

அந்தக் குடும்பத்தின் பூர்வீகம் ஐரோப்பா. ஜெர்மனி முதலிய தேசங்களில் ஸ்பிட்ஸ் நாய்கள் பண்ணைகளையும் பாரம் ஏற்றிய வண்டிகளையும் காவல் காத்து வந்தன. திருடனைக் கடித்துக் குதறுவது அவற்றின் வேலை அல்ல. அந்நியர் காலடி கேட்ட மாத்திரத்தில் எஜமானனைக் கூவி எழுப்புவதே அவற்றின் வேலை. எந்த நாய் அதிகமாகவும் விரைவாகவும் குரைத்ததோ அதற்கே மதிப்பு. அதன் குட்டிகளையே ஜனங்கள் விரும்பி வாங்கினார்கள்.

1888-ஆம் ஆண்டில் விக்டோரியா மகாராணி இத்தாலியிலுள்ள பிளாரன்ஸ் நகரத்துக்குப் போனபோது சிறிய பொமரேனியன் நாய் ஒன்றை வாங்கி வந்தார். ராணி வளர்க்கும் நாயைப் பிரபுக்கள் வளர்க்காமல் இருப்பார்களா? அதற்குப் பிறகு சிறியதினும் சிறியதாகப் பொறுக்கி எடுத்து இனப்பெருக்கம் செய்தார்கள். இன்று அசல் பொமரேனியன் 2 அல்லது 3 கிலோ எடையுடன் மடியில் அடங்கிவிடுகிறது. உடம்பைக் குறுக்கினார்களே தவிர, காவல் உத்தியோகத்திலிருந்து அதற்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை.

குட்டைக் காலும் நீண்ட உடம்புமாக விளங்கும் டாக்ஷண்ட் நாயின் கதையும் இத்தகையதே. அது வளைக்குள் புகுந்து வேட்டை மிருகத்தை மடக்குவதற்காக ஜெர்மனியில் உருவாக்கப்பட்ட நாய். பூமிக்கடியில் அது எங்கே நிற்கிறது என்பதை மேலே நிற்கும் வேட்டைக்காரன் அதன் குரலைக் கொண்டே அறிய வேண்டும். எனவே உரத்துக் குரைப்பது அதற்கு ஒரு யோக்கியதாம்சமாக இருந்தது.

இந்த வரலாற்றிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. சிறு நாய் நம்மைத் தொந்தரவு செய்யவேண்டும் என்று குரைப்பதில்லை. தான் கடமையைச் செய்வதாகவே அது கருதுகிறது. ஆகையால் ஒரு குரைப்புக்கூட இல்லாமல் அதை ஊமையாக்கி விடலாம் என்று எதிர்பார்ப்பது நியாயம் ஆகாது. பத்து நிமிஷக் குரைப்பை மூன்று குரைப்பாகக் குறைப்பதே சாத்தியமான லட்சியம்.

குரைப்பிலே வகை உண்டு

நாய்க் குரைப்பு வெறும் சத்தம் என்று ஒரு காலத்தில் அறிஞர்கள் பலர் எண்ணியிருந்தனர். வளர்ந்த ஓநாய்கள் அபூர்வமாகத்தான் குரைக்கின்றன. நாயோ எதற்கெடுத்தாலும் குரைக்கிறது. ஆகவே அதற்கு அர்த்தம் இராது என்பது அவர்கள் வாதம். அமெரிக்காவில் சோபியா யின் என்ற கால்நடை மருத்துவ அம்மையார் 2002-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இந்த எண்ணத்தை மாற்றிற்று. அழைப்பு மணியைக் கேட்டுக் குரைக்கும் குரல் தாழ்ந்தும் கரகரத்தும் இருக்கிறது. தனியே விடப்பட்டபோது குரைக்கும் குரல் உயர்ந்து, இடைவெளி விட்டு வருகிறது என்று அவர் ஒலிப்பதிவுகளைக் கொண்டு காட்டினார். ஹங்கேரி தேசத்துப் புடாபெஸ்ட் நகரில் பொங்கிராட்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் 2005-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் சுவாரஸ்யமானது. பதிவு செய்த குரைப்பைக் கேட்ட சாதாரண மனிதர்கள், அது எந்தச் சந்தர்ப்பத்தில் எழுந்தது என்பதைக் குருட்டாம்போக்கில் சொல்வதைக் காட்டிலும் நன்றாகவே ஊகித்தார்கள். நாய் வளர்த்துப் பழகாதவர்களுக்கும் இந்தத் திறமை இருந்தது.

ஆகவே நேயர்கள் முதலில் செய்ய வேண்டிய காரியம் காது கொடுத்துக் கேட்பது. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கு, பள்ளிக்கூடத்து வருகைப் பதிவைப் போல, நான்கு கலங்கள் போட்டு எழுதி வாருங்கள்: நாய் எப்போது குரைத்தது? எதைக் கண்டு அல்லது கேட்டுக் குரைத்தது? எவ்வளவு நேரம் குரைத்தது? குரைத்த பிறகு என்ன நடந்தது? இந்த நான்காவது கலத்தில்தான் ரகசியம் முழுவதும் இருக்கிறது.

நீங்கள் வீட்டில் இல்லாதபோது என்ன நடக்கிறது என்பதை அண்டை வீட்டாரைக் கேட்டு அறியலாம். அல்லது கைபேசியில் ஒலிப்பதிவு செய்து வைக்கலாம். திடீரென்று குரைப்பு அதிகமாயிருந்தால், அல்லது வயதான நாய் நடுநிசியில் காரணமின்றிக் குரைத்தால், வேறு யோசனைகளுக்கு முன்னால் கால்நடை மருத்துவரிடம் காட்டுவது அவசியம். பல்வலி, காதுவலி, பார்வைக் குறைவு, மூப்பினால் வரும் அறிவு மயக்கம் ஆகியவையும் குரைப்பாக வெளிப்படக்கூடும். காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குச் செல்லக்கூடியவர்கள், 1903-ல் ஆரம்பிக்கப்பட்டு வேப்பேரியில் நடந்து வரும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியையும் நாடலாம்.

கூலி கொடுப்பவர் யார்?

இனி நான்காவது கலத்துக்கு வருவோம். தபால்காரர் வருகிறார். நாய் குரைக்கிறது. கடிதத்தைக் கொடுத்துவிட்டு அவர் போகிறார். தபால்காரர் அடுத்த வீட்டுக்குப் போகத்தான் போகிறார் என்பது நமக்குத் தெரியும். நாய்க்குத் தெரியாது. “நான் குரைத்தேன், பகைவன் ஓடினான்” என்பதே அதன் கணக்கு. தினந்தோறும் அதற்கு ஒரு வெற்றி! நாள் ஆக ஆக உற்சாகம் ஏறுவதில் என்ன ஆச்சரியம்?

சாப்பாட்டு வேளையில் நாய் பக்கத்தில் நின்று குரைக்கிறது. அப்பா “சீ, போ!” என்கிறார். அம்மா பேசாமல் இருக்கிறார். பாட்டி மனம் பொறுக்காமல் முறுக்கு ஒன்றை உடைத்துப் போடுகிறார். பத்துத் தடவையில் ஒரு தடவை கிடைத்தால் போதும். மீதி ஒன்பது தடவையும் நாய் நம்பிக்கை தளராமல் குரைக்கும். எப்போதாவது கிடைக்கிற பரிசு, எப்போதும் கிடைக்கிற பரிசைவிட வழக்கத்தை வேரூன்றச் செய்கிறது என்பது மனோதத்துவ சாஸ்திரம் தீர்மானமாகக் கண்ட உண்மை.

எல்லாவற்றிலும் வேடிக்கை, நாம் அதட்டுவது. நாய் “வள், வள்” என்கிறது. நாம் அதைவிட உரத்த குரலில் “டேய், சும்மா இரு!” என்கிறோம். எஜமானரும் தன்னோடு சேர்ந்து குரைப்பதாக நாய் நினைத்துக்கொண்டால் அதன்மேல் தவறு என்ன? அதுவரை யாரும் ஏறெடுத்துப் பாராதிருந்த நாய்க்கு, அதட்டல்கூட ஒருவகைக் கவனிப்புத்தான். வகுப்பிலே குறும்பு செய்கிற பையனை மட்டும் நாள் முழுவதும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கண்டித்துக்கொண்டு, அமைதியாகக் கணக்குப் போடும் பையனை ஒரு வார்த்தைகூடப் பாராட்டாத உபாத்தியாயரின் வகுப்பு எப்படி இருக்கும் என்பதை ஆசிரியர் தொழிலிலுள்ள நாம் நன்கு அறிவோம்.

ஆஸ்திரியாவின் தலைநகரமான வியன்னாவில் நாய் வளர்ப்போரிடம் விசாரித்து 2010-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி இதற்குப் பொருத்தமானது. பெரிய நாய் வளர்ப்பவர்களைவிடச் சிறிய நாய் வளர்ப்பவர்கள் அதற்குப் பயிற்சி அளிப்பதும் அதனுடன் விளையாடுவதும் குறைவு. ஒரே செய்கைக்கு ஒரு நாள் ஒரு விதமாகவும் மறு நாள் வேறு விதமாகவும் நடந்துகொள்வது அதிகம் என்று அது தெரிவித்தது. ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நம் நாட்டுப் பெரிய நாய் ஒன்று பாய்ந்து குரைத்தால் உடனே விழித்துக்கொள்கிறோம். கைக்கடக்கமான நாய் அதையே செய்தால் “என்ன ரோசம் பார்த்தீர்களா!” என்று சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பும் ஒரு கூலி.

மௌனத்துக்குச் சம்பளம்

நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. இனி மருந்தைப் பார்ப்போம்.

முதலாவது, சந்தர்ப்பத்தைக் குறைத்தல். தெருவைப் பார்த்த ஜன்னலிலும் கம்பிக் கதவிலும் நாயை நாள் முழுவதும் காவல் வைத்துவிட்டு, “குரைக்காதே” என்றால் அது எப்படி முடியும்? கதவின் அடிப்பாகத்தை நாயின் கண்மட்டத்துக்கு மேல் தட்டியாலோ துணியாலோ மறைத்துவிடுங்கள். நாயின் படுக்கையைப் பின்கட்டுக்கு மாற்றுங்கள். இந்த ஒரு ஏற்பாட்டினாலேயே பல வீடுகளில் பாதி அமைதி கிட்டும்.

இரண்டாவது, வேலை கொடுத்தல். சின்ன நாய்க்கு வீட்டுக்குள் ஓடினாலே போதும் என்பது பரவலாக உள்ள தப்பெண்ணம். அதற்கும் மூக்கு உண்டு. முகர்ந்து அறியும் ஆசை உண்டு. காலையில் வெயில் ஏறுமுன் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை வெளியே நடத்திச் செல்லுங்கள். அவசரப்படுத்தாமல் முகர விடுங்கள். விடியற்காலையில் தெருவில் பாவு விரித்திருந்தால் வாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு விலகிப் போங்கள். பட்டுப் பாவில் நாய்க்கால் பட்டால் பிறகு எந்தப் பயிற்சியும் அண்டை வீட்டாரைச் சமாதானப்படுத்தாது! வீட்டிலே சோற்றை ஒரே தட்டில் கொட்டாமல், ஒரு பகுதியைப் பழந்துணி மடிப்புக்குள் ஒளித்து வைத்துத் தேடி உண்ணச் செய்யலாம்.

மூன்றாவது, “போதும்” என்ற பாடம். நாய் இரண்டு மூன்று முறை குரைக்கட்டும். அது செய்தி சொல்லுகிறது, கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு அருகில் சென்று, தணிந்த குரலில் “போதும்” என்று ஒரே ஒரு தடவை சொல்லி, ஒரு தின்பண்டத்தை மூக்கருகே காட்டுங்கள். முகர்ந்துகொண்டே குரைக்க நாயினால் முடியாது. வாய் மூடிய அடுத்த விநாடியே பண்டத்தைக் கொடுங்கள். தாமதித்தால் எதற்குப் பரிசு என்பது அதற்கு விளங்காது. மறு நாள் இரண்டு விநாடி மௌனத்துக்குப் பரிசு, பின்னர் ஐந்து விநாடி, பின்னர் பத்து. சில வாரங்களில் பண்டத்தைக் காட்டாமலே அந்தச் சொல்லுக்கு நாய் அடங்கும். அமைதியாகப் படுத்திருக்கும்போதும் அவ்வப்போது கூப்பிட்டுத் தட்டிக்கொடுக்க மறவாதீர்கள்.

பரிசுப் பண்டம் மிளகளவே இருக்கட்டும். வேகவைத்த கேரட், பூசணி, உப்பில்லாத சோற்றுருண்டை, புலால் உண்ணும் வீடுகளில் வேகவைத்த கோழித் துணுக்கு ஆகியவை போதும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகிய மூன்றும் நாய்க்கு விஷம். மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கும் காஞ்சிபுரம் இட்லியை நீங்களே சாப்பிடுங்கள்.

நான்காவது, கேட்டுக் குரைக்கும் நாய்க்குக் கூலியை அடியோடு நிறுத்துதல். சோற்றுக்கோ விளையாட்டுக்கோ குரைத்தால் பார்க்காதீர்கள், பேசாதீர்கள், தொடாதீர்கள். வாய் மூடிய பிறகே திரும்பிப் பாருங்கள். ஓர் எச்சரிக்கை: கூலியை நிறுத்திய முதல் சில நாட்களில் குரைப்பு முன்னைவிட அதிகமாகும். கூலி வராத வேலையாள் முதலில் உரத்துத்தானே கேட்பான்? அந்தச் சமயத்தில் மனம் இளகிக் கொடுத்துவிட்டால், இன்னும் உரக்கக் குரைத்தால் கிடைக்கும் என்று கற்பித்ததாக முடியும். பாட்டி, பேரன், வேலைக்கு வரும் அம்மாள் எல்லோரும் ஒரே விதமாக நடக்க வேண்டும். நாய்க்குப் பயிற்சி என்பது பாதிக்கு மேல் குடும்பத்துக்குப் பயிற்சிதான்.

தவிலும் வெடியும்

கோயில் நகரமான காஞ்சியில் சத்தத்துக்குப் பஞ்சம் இல்லை. வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவை, பங்குனியில் ஏகாம்பரநாதர் உற்சவம் என்று வாத்தியமும் வெடியும் தொடர்ந்து வரும். மனிதச் செவி சுமார் 20,000 அதிர்வு வரையில் கேட்கும்; நாய்ச் செவி 45,000 வரையில் கேட்கும். நமக்கு விழாவாக இருப்பது அதற்குப் பேரிடியாக இருக்கலாம். அப்போது அது குரைப்பது பயத்தினால். கண்டித்தால் பயம் இரட்டிக்கும்.

தறி வீட்டில் பிறந்து வளர்ந்த நாய் தறியருகிலேயே குறட்டை விட்டுத் தூங்குவதைப் பார்த்திருப்பீர்கள். குட்டிப் பருவத்தில் பழகிய சத்தம் பயம் தருவதில்லை. ஸ்காட், புல்லர் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து 1965-ல் வெளியிட்ட நூலில், சுமார் 3-வது வாரத்திலிருந்து 12-வது வாரம் வரையில் உள்ள பருவமே குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் முக்கியப் பருவம் என்று காட்டினார்கள். அந்த நாட்களில் மழைக்கோட்டு அணிந்தவர், கூடைக்காரி, தாடி வைத்தவர், சைக்கிள், மேளம் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து சாந்தமாகக் காட்டிப் பழக்குவது ஆயுள் முழுவதும் பயன் தரும்.

வளர்ந்த நாய்க்கும் வழி உண்டு. தவில், வெடி, அழைப்பு மணி ஆகியவற்றின் ஒலிப்பதிவை, நாய் காது நிமிர்த்துமே தவிரக் குரைக்காத அளவுக்கு மெதுவாக வைத்து, கூடவே பண்டம் கொடுத்து வாருங்கள். நாள்தோறும் இம்மி இம்மியாகச் சத்தத்தைக் கூட்டுங்கள். திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே ஆரம்பிப்பது உத்தமம். விழா அன்று உள்ளறையில் விசிறியைச் சுழல விட்டு, யாராவது ஒருவர் கூட இருங்கள்.

தனிமையில் குரைக்கும் நாயையும் இப்படியே படிப்படியாகப் பழக்க வேண்டும். அரை நிமிஷம் வெளியே போய்த் திரும்புங்கள். பிறகு ஒரு நிமிஷம். பிறகு ஐந்து நிமிஷம். நாய் கலங்குவதற்கு முன்னால் திரும்புவதே சூட்சுமம்.

கூடாதவை

அடிப்பதும், வாயைக் கயிற்றால் கட்டுவதும் கூடவே கூடாது. நாய் நாவை நீட்டி மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. நம் ஊர் வெயிலில் வாயைக் கட்டுவது உயிருக்கே ஆபத்து. குரைத்தால் மின்சார அதிர்ச்சி தரும் கழுத்துப் பட்டையை வேல்ஸ் நாடு 2010-லேயே தடை செய்துவிட்டது. குரல் நாண்களை அறுக்கும் சிகிச்சையை 1987-ஆம் ஆண்டின் ஐரோப்பிய உடன்படிக்கை விலக்குகிறது. இவை நாயின் பயத்தையும் துக்கத்தையும் போக்குவதில்லை. அதைச் சொல்லும் வாயை மட்டும் அடைக்கின்றன. குரைத்து எச்சரிக்கவும் வழியற்ற நாய் நேரே கடிக்கத் துணியலாம்.

நம் நாட்டுச் சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி, அநியாயமாகக் குட்டையான சங்கிலியில் வெகு நேரம் கட்டி வைப்பதும், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடமாட விடாமல் இருப்பதும் குற்றம். அந்தச் சட்டத்துக்கு மூல காரணமாக இருந்தவர்களில் முதன்மையானவர் நம் கலாக்ஷேத்திரத்து ருக்மிணி தேவி அருண்டேல். 1962-ல் அமைந்த பிராணி நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே. அந்த வாரியம் 2015-ல் வெளியிட்ட அறிவுரைகள் இரு தரப்பாருக்கும் பொதுவானவை: குரைப்பதைக் காரணம் காட்டி நாயை வெளியேற்றும்படி வற்புறுத்தக் கூடாது, ஆனால் நாயை, முக்கியமாக இரவு நேரத்தில், அமைதியாக வைத்துக்கொள்ள வளர்ப்பவர் இயன்ற முயற்சியெல்லாம் செய்ய வேண்டும்.

சட்டத்துக்கு முன்னால் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பயிற்சியைத் தொடங்கும் அன்றே பக்கத்து வீட்டுக்குப் போய், “அண்ணா, நாய்க்குப் பழக்கம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறோம். ஒரு வாரம் சத்தம் சற்று அதிகமாகக்கூட இருக்கலாம். எந்த நேரத்தில் குரைக்கிறது என்று சொன்னால் எங்களுக்கு உதவியாக இருக்கும்” என்று சொல்லிப் பாருங்கள். குறை சொல்ல இருந்தவர் கூட்டாளியாகி விடுவார். நாளைக்கு நீங்கள் ஊருக்குப் போனால் நாய்க்குச் சோறு வைப்பவரும் அவராகவே இருக்கக்கூடும்.

வீட்டிலுள்ள குழந்தைகளிடம் அந்த நோட்டுப் புத்தகத்தையும் “போதும்” பாடத்தையும் ஒப்படைத்துப் பாருங்கள். அடிக்காமல், அதட்டாமல், பொறுமையினால் ஒரு ஜீவனின் வழக்கத்தை மாற்ற முடியும் என்பதை அவர்கள் கண்ணாரக் காண்பார்கள். நாய்க்குப் பாடம் முடிய இரண்டு மூன்று மாதம் ஆகலாம். குழந்தைகள் கற்றுக்கொண்ட பாடமோ அவர்கள் பெரியவர்களான பிறகும் கூடவே இருக்கும்.